கீழ் அலமாரியின் உள்ளகலமும் சிங்கின் வெளியளவும்: மேலூர்ச் சமையலறைகளுக்கான ஒரு மதிப்பீடு

மதுரை மாவட்டத்து மேலூரிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் எழும் புதிய வீடுகளில், கடப்பா கல்லை நிறுத்தித் தடுத்த பழைய மேடையடிகளின் இடத்தைப் பிளைவுட்டால் செய்த கீழ் அலமாரிகள், அதாவது தச்சர்கள் பேஸ் யூனிட் என்று குறிப்பிடும் பெட்டிகள், பிடித்துவருவதால், பாத்திரம் கழுவும் சிங்கைத் தேர்ந்தெடுப்பது கொத்தனாரின் கண்மதிப்பீட்டுக்கு விட்டுவிடக்கூடிய வேலையாக இனி இல்லை. சிங்கைக் கடைக்காரர் வெளியளவை அங்குலத்தில் சொல்லி விற்கிறார். அலமாரியைத் தச்சர் வெளியளவை மில்லிமீட்டரில் சொல்லிச் செய்கிறார். ஆனால் ஒன்று மற்றொன்றுக்குள் பொருந்துவதைத் தீர்மானிப்பது இருவரும் சொல்லாத மூன்றாவது எண்ணான அலமாரியின் உள்ளகலமே. இங்கு கருங்கல் பலகை எளிதில் கிடைப்பதால் கல் முதலில் வெட்டப்பட்டு, சிங்க் அந்தத் துளைக்கேற்பக் கடைசியில் வாங்கப்படும் வழக்கமும் உண்டு; இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றினாலன்றி அளவுப் பிழைகள் நீங்கா.

கடையில் 24×18×9 என்று சொல்லப்படும் எண்களில் முதலாவது சிங்கின் விளிம்போடு சேர்ந்த அகலம், இரண்டாவது சுவரிலிருந்து நிற்பவரை நோக்கி வரும் நீளம், மூன்றாவது குழியின் ஆழம். விளிம்பு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ ஓர் அங்குலத்தை எடுத்துக்கொள்வதால், 610 மி.மீ. வெளியகலம் கொண்ட 24 அங்குலச் சிங்கின் குழி சுமார் 560 மி.மீ. அகலமே இருக்கும். மறுபுறம், 600 மி.மீ. அலமாரி என்று சொல்லப்படுவது 18 மி.மீ. தடிப்புள்ள இரு பக்கப் பலகைகளைக் கழித்தால் உள்ளே 564 மி.மீ. மட்டுமே. அதாவது குழிக்கும் பலகைக்கும் இடையே பக்கத்துக்கு 2 மி.மீ. எஞ்சுகிறது; சிங்கைக் கல்லோடு இறுக்கும் கிளிப்புகளுக்கோ, அவற்றைத் திருகும் கைக்கோ அங்கே இடமில்லை. இரண்டும் இரண்டு அடி என்று எண்ணி இவ்விரண்டையும் சேர்த்து வாங்குவதே மிக எளிதில் நேரும் பிழை. அமெரிக்கத் தச்சர்களிடையே, அலமாரியின் வெளியகலத்தில் 3 அங்குலத்தைக் கழித்து வரும் அளவுக்கு மேல் சிங்க் இருக்கலாகாது என்ற எளிய விதி வழங்குகிறது. அங்கு 36 அங்குல அலமாரிக்கு 33 அங்குலச் சிங்க் வைக்கப்படுவது அதன்படியே. அதே விதியை 600 மி.மீ. அலமாரிக்குப் போட்டுப் பார்த்தால் 20.6 அங்குலம் வருவதால், 21×18 சிங்க் அதன் எல்லையில் நிற்கிறது என்பதும், 24×18 வேண்டுவோர் 750 மி.மீ. அலமாரியைச் சொல்லிச் செய்ய வேண்டும் என்பதும் தெளிவாகின்றன.

சிங்க் கல்லோடு சேரும் முறை இரண்டு. விளிம்பு கல்லின் மேல் அமர்ந்து பாரத்தைக் கல்லுக்கே கொடுப்பது டாப் மவுண்ட். கல்லின் அடியில் ஒட்டித் தொங்குவது அண்டர் மவுண்ட். பின்னதில் மேடையிலுள்ள நீரைத் தடையின்றிக் குழிக்குள் வழித்துவிடலாம் என்பதால் அதன் மீது விருப்பம் மிகுந்திருக்கிறது. ஆனால் 560×405 மி.மீ. குழியில் 200 மி.மீ. உயரத்துக்கு நீர் நின்றாலே அது சுமார் 45 லிட்டர், அதாவது 45 கிலோ என்பதையும், அதனுடன் பாத்திரங்களின் எடையும் சேரும் என்பதையும் கணக்கில் கொண்டால், சிலிக்கான் பசையை மட்டும் நம்பாமல் கீழே ஓர் இரும்புச் சட்டமோ, அலமாரியின் பக்கப் பலகைகளில் பதித்த கட்டைகளோ தாங்கவேண்டும் என்பது விளங்கும். அண்டர் மவுண்டில் குழி மட்டுமன்றி முழு வெளியகலமும் பலகைகளுக்கு இடையே அடங்கவேண்டும் என்பதால், உள்ளகலத்தின் கணக்கு இங்கு இன்னும் கடுமையாகிறது.

கல்லைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 20 மி.மீ. தடிப்புள்ள கருங்கல் பலகை சதுர மீட்டருக்கு சுமார் 54 கிலோ எடையுள்ளது. மேலிருந்து அழுத்தும் பாரத்தை எளிதில் தாங்கும் இந்தக் கல், வளைக்கும் விசைக்கு முன் மிகப் பலவீனமானது. சிங்குக்காகத் துளையிட்டபின் அதன் முன்னும் பின்னும் எஞ்சும் குறுகிய பட்டைகளே பலகையின் இரு பகுதிகளையும் இணைத்து வைத்திருப்பதால், ஏற்றி இறக்கும்போது விரிசல் முதலில் அங்குதான் விழும். இரண்டடி ஆழமுள்ள மேடையில், அதாவது 610 மி.மீ.யில், 18 அங்குலச் சிங்க் 457 மி.மீ. எடுத்துக்கொள்ள 153 மி.மீ. எஞ்சுகிறது, அதை முன்னும் பின்னும் பகிர்ந்தால் மூன்று அங்குலப் பட்டைகள் கிடைக்கின்றன, அது போதும். 30×20 போன்ற சிங்குகளோ அதே மேடையில் இரண்டு அங்குலப் பட்டைகளையே விடுகின்றன. அகலம் பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து இரண்டாம் எண்ணைக் கவனியாமல் விடுவோருக்கு அந்தப் பட்டை உடைந்த பின்னரே இது தெரியவரும். துளையின் மூலைகளைச் செங்கோணமாக அறுக்காமல், முதலில் நான்கு மூலைகளிலும் வட்டத் துளையிட்டு அவற்றை இணைத்து அறுப்பதும் இன்றியமையாதது. கூர்மூலையில் விசை குவிந்து விரிசல் அங்கிருந்தே தொடங்குகிறது.

மேலூர் வட்டாரத்துக்குக் கல்லின் அளவு வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. கீழவளவு, கீழையூர் முதலிய ஊர்களின் குன்றுகளிலிருந்து வெட்டப்பட்ட கல் உலகெங்கும் சமையல் மேடைகளாயிற்று. சட்டத்துக்குப் புறம்பாகக் கல் எடுக்கப்பட்டதாக 2012-இல் எழுந்த குற்றச்சாட்டுகளும், அவற்றை ஆராய 2014-இல் சென்னை உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை நியமித்ததும் இவ்வூரார் நன்கு அறிந்தவை. மீண்டும் வளராத ஒரு பொருளைத் தவறான அளவில் அறுத்து எறிவது வருத்தத்துக்குரியது. மதுரை மாவட்டத்தின் வெண்ணிறப் பாறை, செம்புள்ளிகளோடு, காஷ்மீர் ஒயிட் என்ற வணிகப் பெயரில் விற்கப்படுகிறது. அழகாயிருப்பினும் அது நீரையும் எண்ணெயையும் உறிஞ்சும் இயல்புடையதாகையால், சிங்கைச் சுற்றி அதைப் பதிப்போர் அறுத்த விளிம்புகளுக்கும் சேர்த்து சீலர் என்னும் காப்புப் பூச்சைப் பூசுதல் வேண்டும்.

இனி அளவுகளை அடுப்பங்கரைப் பாத்திரங்களை வைத்தே மதிப்பிடலாம். 18×16 சிங்கின் குழி சுமார் 405×355 மி.மீ.; அச்சில் அழுத்திச் செய்யப்படும் சிங்குகளில் சுவரும் அடித்தளமும் சேருமிடம் வளைந்திருப்பதால், அடியில் சமதளம் ஒவ்வொரு பக்கமும் நான்கு சென்டிமீட்டர் குறைந்தாலும் 30 செ.மீ. தோசைக்கல் அங்கே படியாமல் சாய்ந்தே நிற்கும். கை கழுவவும் தம்ளர் அலசவும் மட்டுமே அது ஏற்றது. 21×18 சிங்கில் தோசைக்கல் படியும், ஐந்து லிட்டர் குக்கரும் அமரும், ஆனால் இரண்டும் ஒருசேர அல்ல. 24×18 அளவில்தான் இட்லிப் பானையை ஒருபுறம் ஊறவைத்து மறுபுறம் தட்டுகளைக் கழுவ முடிகிறது. பொங்கலுக்கும் விருந்துக்கும் பெரிய பாத்திரம் எடுக்கும் வீடுகளுக்கு இதுவே கீழ்வரம்பு. இரு குழிகள் கொண்ட 37×18 சிங்கைப் பெருமைக்காக வாங்குவோர் பலர்; அதன் வெளியகலம் 940 மி.மீ. என்பதால் உள்ளே 864 மி.மீ. மட்டுமே கொண்ட 900 அலமாரியில் அது அடங்காது, அடங்கும் பெரிய அலமாரியைச் செய்தாலும் ஒவ்வொரு குழியும் 18×16 சிங்கின் குழியை விடச் சற்றே பெரியதாக இருக்கும். இட்லிப் பானைக்கும் வாணலிக்கும் பொருந்தாத இரு சிறு குழிகளைவிட ஒரே பெருங்குழி மேல் என்பதில் ஐயமில்லை. அடி வளைந்த அச்சுச் சிங்குகளோடு ஒப்பிட, தகட்டை மடித்துப் பற்றவைத்த, கடைகளில் ஹேண்ட்மேட் எனப்படும் சிங்குகள் அதே வெளியளவில் கூடுதல் சமதளம் தருகின்றன. மூலைகளில் அழுக்கு தங்குவதால் துலக்கும் உழைப்பும் சற்றுக் கூடுகிறது.

ஆழத்தைப் பொறுத்தவரை, ஆழம் கூடினால் நல்லது என்ற எண்ணம் மறுபரிசீலனைக்குரியது. இந்தியப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 செ.மீ.; அவ்வுயரத்தவர் கைகளைத் தொங்கவிட்டு நின்றால் விரல்நுனி தரையிலிருந்து சுமார் 58 செ.மீ. உயரத்தில் இருக்கும். 86 செ.மீ. உயர மேடையில் 10 அங்குலச் சிங்க் வைத்தால் அதன் அடித்தளம் 61 செ.மீ.யில் அமைகிறது, கையை முன்னோக்கி நீட்டும்போது விரல்நுனி மேலேறிவிடுவதால், அடியிலுள்ள பாத்திரத்தைத் தேய்க்க முதுகை வளைத்தே ஆகவேண்டும். நாள்தோறும் இருவேளை நிகழும் வேலையில் இந்த வளைவு இடுப்பு வலியாக முடிகிறது. 8 அங்குல ஆழம் தெறிப்பைச் சற்றுக் கூட்டினாலும் உடலுக்கு உகந்தது. மேடை முழுவதையும் உயர்த்தினால் அடுப்பின் மேலிருக்கும் பாத்திரம் தோள் மட்டத்தை நெருங்கிவிடும். ஆனால் சிங்க் இருக்கும் பகுதியை மட்டும் இரண்டு அங்குலம் உயர்த்திக் கட்டுவது கொத்தனாருக்குக் கடினமன்று.

குழிக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதும் அளவின் பகுதியே. கழிவுத் துளையில் பொருத்தும் வேஸ்ட் கப்ளிங்கும், அதன்கீழ் பாட்டில் ட்ராப்பும் இடம் கேட்கின்றன. பாட்டில் ட்ராப் என்பது கழிவுநீரில் சிறிதளவைத் தன்னுள் தேக்கி, அந்த நீரையே அடைப்பாக்கிச் சாக்கடை வாடையையும் கரப்பானையும் தடுக்கும் கிண்ணம். குறைந்தது 50 மி.மீ. நீர் அதில் நிற்கவேண்டும். சுவருக்குள் செல்லும் கழிவுக் குழாய் ட்ராப்பின் வெளிவாயைவிட உயரத்தில் அமைந்துவிட்டால் நீர் சரியாக வடியாது என்பதால், சிங்கின் ஆழம் முடிவான பின்னரே அந்தக் குழாயின் உயரம் முடிவாக வேண்டும். வளைகுழாயைத் தரைத் துளைக்குள் நேரே செருகிவிடும் வழக்கத்தில் இந்தத் தடுப்பு இல்லை. துளை குழியின் நடுவிலன்றிப் பின்மூலையில் அமைந்த சிங்கைத் தேர்ந்தால் குழாய்கள் சுவரோரம் ஒதுங்கி, குப்பைக் கூடைக்கு இடம் கிடைக்கும். சுமார் 32 செ.மீ. விட்டமுள்ள எரிவாயு உருளை அங்கே அடங்கினாலும் அதை வைக்கலாகாது: ஈரம் உருளையின் அடியைத் துருப்பிடிக்கச் செய்யும், மூடிய அலமாரியில் கசிவு தேங்கும்.

உலோகத்தைச் சோதிக்கக் காந்தம் கொண்டுசெல்வோர் உண்டு, அச்சோதனை பயனற்றது. சுமார் 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கொண்ட 304 ரகமும், நிக்கலைக் குறைத்து மாங்கனீஸைக் கூட்டிய மலிவான 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாதவையே. மாறாக, நல்ல 304 தகடே ஆழமாக அழுத்தப்பட்ட மூலைகளில் சற்று ஒட்டக்கூடும். இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 13983-இன் குறியையும், பட்டியலில் எழுதித் தரப்படும் ரகத்தையும், 1 மி.மீ.க்குக் குறையாத தடிப்பையும் கேட்பதே வழி. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலிகிறது என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். 16 கேஜ் தடித்தது, 20 கேஜ் மெல்லியது. ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வெண்படலமாகப் படியும் வீடுகளில் பளபளப்பான மேற்பரப்பைவிட மங்கலான மேற்பரப்பு கறையை மறைக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில், மேலூர்ப் பகுதியின் நடுத்தர அளவு வீட்டுக்கு 750 மி.மீ. அலமாரியில் 24×18×8 ஒற்றைக் குழிச் சிங்கும், 600 மி.மீ.க்கு மேல் இடமில்லாத வீட்டுக்கு 21×18×8 சிங்கும் பரிந்துரைக்கத்தக்கவை. சிங்கை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து, அதனுடன் வரும் அட்டை மாதிரியைக் கல்லின் மேல் வைத்துக் கோடிட்டு, அலமாரியின் உள்ளகலத்தை மேலும் கீழும் இரண்டிடத்தில் அளந்து, சுவர்க் குழாயின் வாய் இட்லிப் பானையின் விளிம்புக்கு மேல் நிற்கிறதா என்று பானையையே குழியில் வைத்துப் பார்த்த பிறகு, கல் அறுப்பவரை அழைக்கலாம்.