‘அடிக்கிறானா, குடிக்கிறானா?’: கேட் ஷோபினின் இரண்டு கதைகள்

கணவன் வீட்டிலிருந்து ஓடிவந்த தங்கையிடம் அண்ணன் மோன்டெக்லின் விசாரிக்கிறான். அடிக்கிறானா, குடிக்கிறானா? இல்லை. அவனை வெறுக்கிறாயா? அதுவும் இல்லை. அவள் வெறுப்பது கல்யாணத்தை. இன்னாரின் மனைவி என்று இருப்பதை. அண்ணனுக்குச் சப்பென்று ஆகிவிடுகிறது. உருப்படியாய் ஒரு குற்றச்சாட்டுகூடத் தேறவில்லையே!

கேட் ஷோபின் 1896-இல் ‘அட்லாண்டிக் மந்த்லி’யில் வெளியிட்ட ‘அத்தெனயீஸ்’ இது. லூசியானாவில் நடக்கும் கதை. அன்றைய அமெரிக்க விவாகரத்துச் சட்டமும் கணவனிடம் குற்றம்தான் தேடியது. குற்றம் நிரூபிக்க வேண்டியதில்லை என்று கலிபோர்னியாவில் சட்டம் மாறியது 1970-இல். மோன்டெக்லின் வாய் வழியாகப் பேசுவது சட்டம்தான்.

ஷோபினின் பிரபலமான ‘ஒரு மணிநேரத்தின் கதை’யை (1894) வாசிக்கையில் நமக்குள்ளும் ஒரு மோன்டெக்லின் விழித்துக்கொள்கிறான். ரயில் விபத்தில் கணவன் செத்தான் என்று செய்தி வருகிறது. அழுது ஓய்ந்து, தனியறையில், திறந்த ஜன்னல் முன் உட்கார்ந்து, விடுதலை என்ற சொல்லை முணுமுணுக்கிறாள் லூயிஸ். அந்த ஆள் என்ன கொடுமை பண்ணினானோ என்று பிரதிக்குள் துழாவுகிறோம். பிரதி தருவதாயில்லை. அவன் அன்பாகத்தான் இருந்தான். அன்போடோ கொடூரத்தோடோ, இன்னொரு உயிர்மேல் தன் விருப்பத்தைத் திணிப்பது குற்றமே என்று அவளுக்குப் படுகிறது. திணிப்பவர்களில் பெண்களும் உண்டு என்பதையும் அவள் மறைக்கவில்லை. ஆக, விசாரணைக்கு வருவது கணவனின் குணமல்ல, உறவின் வடிவம்.

‘அத்தெனயீஸ்’ இதை இன்னும் ஆழமாய்க் குத்துகிறது என்பேன். மனைவியைத் திரும்பக் கூட்டிவரும் வழியில் கஸோ ஓர் ஓக் மரத்தைப் பார்க்கிறான். சிறுவயதில் பார்த்தது நினைவுக்கு வருகிறது: தப்பியோடிய கேப் என்ற கறுப்பின அடிமையைப் பிடித்துவந்த அப்பா, இந்த மரத்தடியில்தான் அவனைக் கொஞ்சம் மூச்சுவாங்க விட்டார். அப்பா நல்ல எஜமானர். அப்பேர்ப்பட்டவரை விட்டு ஓடினானே, கேப் சரியான முட்டாள் என்று ஊரே சொன்னது. கஸோவுக்கு மனசு கசந்துபோகிறது. அடுத்த தடவை அவள் நியூ ஆர்லியன்ஸுக்கு ஓடும்போது அவன் தேடிப் போவதில்லை. நல்ல எஜமானன், நல்ல புருஷன் என்ற இரண்டு சொற்களையும் ஒரே மர நிழலில் கொண்டுவந்து நிறுத்துகிற இந்த இடத்துக்காகவே கதையைத் திரும்பத் திரும்ப வாசிக்கலாம்.

ஆனால் முடிவில் ஷோபினோடு எனக்குச் சண்டை உண்டு. அத்தெனயீஸ் கர்ப்பம் தரித்ததை அறிந்ததும் சந்தோஷமாய்த் தானே திரும்பி வந்துவிடுகிறாள். லூயிஸோ, செத்ததாய்ச் சொன்ன கணவன் வாசலில் நின்றதும் விழுந்து சாகிறாள். ஆனந்த அதிர்ச்சி என்று டாக்டர்கள் சான்றளிக்கிறார்கள். (வைத்தியச் சொல்லாடலுக்கு இதைவிடப் பெரிய செருப்படி கிடையாது.) ஒருத்திக்குக் கருப்பை, ஒருத்திக்கு இதயம். இருவரும் கிளப்பிய கேள்வியை அவர்கள் உடம்பே மூடிவிடுகிறது. இத்தனைக்கும் ஷோபினுக்கு வேறொரு வழி தெரியும். 1882-இல் கணவர் இறந்தபோது கையில் ஆறு குழந்தைகள், தலைமேல் கடன். அவருடைய கடையை எடுத்து நடத்தினார், பிறகு எழுத்துக்கு வந்தார். 1904-இல் சாகும்வரை மறுமணம் செய்துகொள்ளவில்லை. அந்தக் கடையின் கணக்கு நோட்டு இந்த இரண்டு கதைகளுக்குள்ளும் வரவே இல்லை.