பொருத்தம் பார்த்தல்: ‘சேவிங் ஹென்றி’ நூலை முன்வைத்து

நோய் பற்றிய நினைவுக்குறிப்புகளில் இரண்டு வகை அதிகம். ஒன்று, பிழைத்தவர் சொல்லும் வெற்றிக் கதை. மற்றது, பறிகொடுத்தவர் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் ஆறுதல். லோரி ஸ்ட்ராங்கின் 2010இல் வெளியிட்ட ‘சேவிங் ஹென்றி’ இந்த இரண்டிலும் அடங்காதது. தலைப்போ ‘ஹென்றியைக் காப்பாற்றுதல்’. ஹென்றியோ 2002 டிசம்பரில், ஏழு வயதில் இறந்துபோனவன். முடிவு தெரிந்தேதான் நூலைக் கையில் எடுக்கிறோம். அப்படியானால் அந்தத் தலைப்பு எதைச் சொல்கிறது? இந்தக் கேள்வியோடுதான் நான் நூலை வாசித்தேன்.

வாஷிங்டனில் வாழ்ந்த யூதத் தம்பதியரான லோரிக்கும் அலன் கோல்ட்பர்க்குக்கும் 1995இல் பிறந்த மூத்த பிள்ளை ஹென்றி. பிறந்த சிறிது காலத்திலேயே அவனுக்கு ஃபன்கோனி இரத்தசோகை இருப்பது தெரியவருகிறது. 1927இல் சுவிஸ் குழந்தை மருத்துவர் குய்டோ ஃபன்கோனி முதன்முதலாக விவரித்த நோய் இது. உடலின் உயிரணுக்களால் தம் மரபணுவில் ஏற்படும் சேதத்தைச் சீர்செய்ய இயலாது. காலப்போக்கில் எலும்பு மஜ்ஜை இரத்தம் உண்டாக்குவதை நிறுத்திவிடும். ஹென்றிக்கு வந்த வகை, தாய் தந்தை இருவருமே பழுதான மரபணுவைச் சுமந்தால்தான் பிள்ளைக்கு வரும். அஷ்கெனாசி யூதர்களில் ஏறத்தாழ 90 பேரில் ஒருவர், தாம் அறியாமலே, அதைச் சுமக்கிறார்.

உடன்பிறந்தவரின் மஜ்ஜை பொருந்தினால் பிழைக்கும் வாய்ப்பு நன்று. அந்நியருடையது என்றால் 1990களில் அது மிகக் குறைவு. அடுத்துப் பிறந்த ஜாக்குக்கு நோய் இல்லை. ஆனால் அவன் அண்ணனுக்குப் பொருந்தவும் இல்லை. அதனால் பெற்றோர் அப்போது யாரும் வெற்றி காணாத ஒரு வழியில் இறங்கினார்கள். ஆய்வுகூடத்தில் கருக்களை உருவாக்கி, நோயற்றதும் ஹென்றிக்குப் பொருந்துவதுமான கருவை மட்டும் தேர்ந்து தாயின் கருப்பையில் வைப்பது. நோயில்லாதிருக்க நான்கில் மூன்று வாய்ப்பு, பொருந்த நான்கில் ஒன்று. இரண்டும் ஒரே கருவில் சேர 16இல் 3. இந்தக் கணக்கை நம்பி 9 முறை முயன்றார்கள், ஒன்றும் கைகூடவில்லை. இடையில், கரு ஆய்வுக்கு மத்திய அரசின் பணம் போகக்கூடாது என்ற அமெரிக்கச் சட்டத்தையொட்டி எழுந்த சர்ச்சையில், அவர்களுக்கு உதவவிருந்த ஆய்வாளர் 1997இல் தேசிய சுகாதார நிறுவனத்தைவிட்டு விலக நேர்ந்தது. விலைமதிப்பற்ற மாதங்கள் கழிந்தன.

2000 ஜூலையில், மினசோட்டா பல்கலைக்கழக வைத்தியசாலையில், உறவல்லாத ஒரு கொடையாளியிடமிருந்து ஹென்றிக்கு மாற்றுச் சிகிச்சை நடந்தது. அடுத்த மாதமே, அதே கருத்தேர்வு முறையின் வழியாக, கொலராடோவின் நாஷ் குடும்பத்தில் ஆடம் என்ற குழந்தை பிறந்தது. செப்டம்பரில் அவனுடைய தொப்புள்கொடி இரத்தம் அதே வைத்தியசாலையில் அக்கா மோலிக்கு ஏற்றப்பட்டது; அவள் பிழைத்தாள். வேறு எழுத்தாளராயின் இந்த இடத்தில் விதியை இழுத்திருப்பார். லோரி இழுப்பதில்லை.

அவருடைய நம்பிக்கை மனநிலை அல்ல, வேலை. ஊசி போட்டுக்கொள்வது, தொலைபேசிக்காகக் காத்திருப்பது, அடுத்த பரிசோதனைக்கு விமானம் ஏறுவது எல்லாம் அந்த வேலைக்குள் வரும். சிகிச்சை அறைக்குள் போனதும் அதன் அளவு மாறுகிறது. பழைய மஜ்ஜையை மருந்தால் அழித்து, புதியது வேர்விடும்வரை பிள்ளையைத் தொற்று அண்டாமல் காக்க வேண்டும். கொடை ஏற்றும் நாள் பூச்சியம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஓர் எண், ஒவ்வொரு காலையும் இரத்த அணுக்களின் எண்ணிக்கை. இந்த எண்களுக்கு நடுவே பேட்மேன்மீது பித்துக்கொண்ட ஒரு பையன் விளையாடிக்கொண்டிருக்கிறான். ‘குணமாவான்’ என்ற நம்பிக்கை, ‘இன்று சிரிப்பான்’ என்பதாகக் குறுகும் பக்கங்களே நூலின் ஆகச்சிறந்த பகுதி. தலைப்புக்கு எனக்குக் கிடைத்த விடையும் அங்கேதான் இருக்கிறது. ‘சேவிங்’ என்றால் மீட்பது மட்டுமல்ல, சேர்த்து வைப்பதும்தான். நம் ‘காத்தல்’ என்ற சொல் இரண்டையும் தாங்கும்.

கருக்களைத் தேர்வது பற்றிய குற்றவுணர்வு இந்த நூலில் ஏன் கனக்கவில்லை என்று கேட்கலாம். உயிரைக் காக்க ஓய்வுநாள் விதியையும் மீறலாம் என்பது யூத மரபு. கருப்பைக்கு வெளியே உள்ள கருவை முழு மனிதராக அம்மரபின் பல அறிஞர்கள் கொள்வதில்லை. அமெரிக்க அரசியலில் இந்த விவாதம் பெரும்பாலும் கிறிஸ்தவச் சொற்களில் நடந்தபோது, இந்தக் குடும்பம் வேறொரு நிலத்தில் நின்றது. அந்த வேறுபாட்டை நூல் இன்னும் விரித்திருக்கலாம்.

என் மனக்குறைகள் வேறும் உண்டு. ஒருவனைக் காப்பாற்ற இன்னொருவனைப் பிறப்பிக்கலாமா என்ற கேள்விக்கு லோரி தரும் பதில், தாயின் பதிலாக முழுமையானது. எழுத்தாளரின் பதிலாகக் குறைபட்டது. பொருந்தாமல் பிறந்த தம்பியின் கண்ணால் ஒரு கணம் பார்த்திருந்தால் போதும். கொள்கை வாதம் வரும் இடங்களில் ஹென்றி பிள்ளையிலிருந்து சான்றாக மாறிவிடுகிறான். 9 முயற்சிகளுக்கான பணமும் தொடர்புகளும் எத்தனை குடும்பங்களுக்குக் கிட்டும் என்பதற்கும் நூல் போதிய அழுத்தம் தரவில்லை.

நாம் இதை ஏன் வாசிக்க வேண்டும்? ‘பொருத்தம்’ என்ற சொல் நமக்குக் கல்யாணத்தோடு ஒட்டியது. இன்று மஜ்ஜைக் கொடைக்கும் பத்துக்குப் பத்து பொருந்துகிறதா என்றுதான் பார்க்கிறார்கள். சொந்தத்துக்குள் மணமுடிக்கும் வழக்கம், ஒரே பழுதான மரபணு இருபுறமும் சேரும் வாய்ப்பைக் கூட்டுகிறது. நம் வீடுகளிலோ பிள்ளையின் நோயைச் சொன்னால் அக்காவின் கல்யாணம் தடைப்படும் என்ற பயம். இதே பயம் தீவிர மரபுவழி யூதர்களிடமும் இருந்தது. டே-சாக்ஸ் நோய்க்கு நான்கு பிள்ளைகளைப் பறிகொடுத்த ரபி ஜோசப் எக்ஸ்டைன் 1983இல் ‘டோர் யெஷோரிம்’ அமைப்பைத் தொடங்கினார். பரிசோதிப்பவருக்குப் பெயர் இல்லை, எண் மட்டும். சம்பந்தம் பேசுமுன் இரண்டு எண்களையும் ஒப்பிட்டு, பொருந்துமா பொருந்தாதா என்று மட்டும் சொல்வார்கள். ஃபன்கோனியும் அந்தப் பட்டியலில் உண்டு.

புலம்பெயர் தமிழ் எழுத்து போரையும் அகதி வாழ்வையும் விரிவாக எழுதிவிட்டது. குழந்தைகள் வைத்தியசாலையின் மாடியில், தென்னாசியர் குறைவாகவே பெயர் பதிந்த கொடையாளர் பதிவேட்டிலிருந்து ஒரு பதில் வராதா என்று காத்திருக்கும் தாய் தந்தையை அது இன்னும் சரியாக எழுதவில்லை. அவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் வாசிக்கும் நம் பிள்ளைகள் இந்த நூலை வாசித்துவிட்டு, வீட்டில் யாரும் பேசாத ஒரு சித்தப்பாவைப் பற்றி, குழந்தையிலேயே போய்விட்ட ஒரு மாமியைப் பற்றிக் கேட்கத் தொடங்கினால், அந்த எழுத்துக்கு அதுவே தொடக்கமாகலாம்.