18வது அட்சக்கோடு, பிஞ்சர்: ஓர் ஒப்பீடு

அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு' (1977), அம்ரிதா பிரீதம் பஞ்சாபியில் எழுதிய 'பிஞ்சர்' (1950) ஆகிய இரண்டும் இந்திய விடுதலையை ஒட்டிய கலவரங்களைப் பேசும் நாவல்கள். பிஞ்சர் பாதிக்கப்பட்டவளின் பக்கமிருந்தும், 18வது அட்சக்கோடு பார்த்து நின்றவனின் பக்கமிருந்தும் எழுதப்பட்டவை.

ஆசிரியர்கள்

அம்ரிதா பிரீதம் (1919–2005) இன்று பாகிஸ்தானில் உள்ள பஞ்சாபில் பிறந்து, லாகூரில் வாழ்ந்து, 1947 பிரிவினையில் இந்தியாவுக்கு வந்தவர். அசோகமித்திரன் (1931–2017) சிகந்தராபாத்தில் பிறந்து, தந்தையின் மறைவுக்குப் பின் 1952இல் சென்னைக்கு வந்தார். நெடுங்காலம் தியாகராய நகரில் வாழ்ந்தார். பிறந்த ஊரை விட்டு வந்த பின்னரே இருவரும் இந்நாவல்களை எழுதினர். ஆனால் அம்ரிதாவின் ஊர் எல்லைக்கு அப்பால் போய்விட்டது. அசோகமித்திரனின் ஊர் ரயிலேறினால் போய்விடக்கூடிய தொலைவிலேயே இருந்தது. அவர் இழந்தது ஊரை அல்ல, அந்த ஊரில் கழிந்த இளமையை.

கதைகள்

பிஞ்சரின் நாயகி பூரோ குடும்பப் பகை காரணமாக ரஷீத் என்பவனால் கடத்தப்படுகிறாள். தப்பி வந்தவளைப் பெற்றோர் ஏற்க மறுக்கிறார்கள். ஹமீதா என்ற புதுப்பெயருடன் ரஷீதின் மனைவியாக வாழ்கிறாள். பிரிவினையின்போது கடத்தப்பட்ட தன் சகோதரனின் மனைவியை மீட்டு அனுப்பும் அவள், தானும் இந்தியா செல்ல வாய்ப்பிருந்தும் அங்கேயே தங்கிவிடுகிறாள்.

18வது அட்சக்கோட்டின் சந்திரசேகரன், ரயில்வே ஊழியரின் மகன். கிரிக்கெட், கல்லூரி, வீட்டு மாடு என்று அவன் நாட்கள் கழிகின்றன. நிஜாம் ஆட்சியின் கடைசி மாதங்களும் ரஜாக்கர் இயக்கமும் அவனைச் சிறிது சிறிதாகச் சூழ்கின்றன. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த பின் எழும் கலவரத்தில், அவன் ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வீட்டுக்குள் நுழைய நேர்கிறது. குடும்பத்தைக் காப்பாற்ற ஓர் இளம்பெண் அவன் முன் ஆடை களைகிறாள். அவன் வெட்கி அங்கிருந்து ஓடுகிறான்.

மதிப்பீடு

அன்றைய பஞ்சாபில் ஒதுங்கி நிற்பது எளிதாக இருக்கவில்லை. சிகந்தராபாத்தில் தமிழ்க் குடும்பம் ஒதுங்கி வாழ முடியும் என்று நம்பியது. பிழைக்க வந்த ஊர், அரசியல் நமக்கெதற்கு என்பதே அதன் நிலை. அந்த நம்பிக்கையைத்தான் இறுதிக் காட்சி உடைக்கிறது. சந்திரசேகரன் யாரையும் தாக்கவில்லை. ஆனாலும் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு அவன் தாக்க வந்தவர்களில் ஒருவன். தன்னை என்னவென்று நினைத்திருந்தாலும், பிறர் பார்வையிலும் ஓர் அடையாளம் உண்டு என்பதை அவன் அங்கே அறிகிறான். நாவல் 'நான்', 'அவன்' என்று மாறி மாறிச் சொல்லப்படுவது இதற்குப் பொருந்துகிறது. உள்ளிருந்து பார்த்த தன்னையே அவன் வெளியிலிருந்தும் பார்க்கிறான்.

குறையும் அதே இடத்தில் இருக்கிறது. அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்பது நாவலில் இல்லை. அவன் ஓடியதும் கதை முடிகிறது. அவள் துயரம் அவனுடைய மனமாற்றத்துக்குக் காரணமாக நின்றுவிடுகிறது. பிஞ்சர் அப்படிப்பட்ட ஒருத்தியையே மையத்தில் நிறுத்தி, அவள் முடிவையும் அவளிடமே விடுகிறது. மாறாக, பார்த்து நின்றவனின் குற்றவுணர்வுக்கு அதில் அதிக இடமில்லை. அசோகமித்திரன் அதை எந்தச் சமாதானமும் சொல்லாமல் எழுதினார்.

தியாகராய நகரில், ஜி.என். செட்டி சாலையில் சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது. அதே வட்டாரத்தில்தான் சிகந்தராபாத்தின் கதையைச் சொன்னவரும் வாழ்ந்தார். இவ்விரு நாவல்களையும் அதுபோல் அருகருகே வைத்துப் படிக்கும் மாணவருக்கு, ஒன்று சொல்லாமல் விட்டது மற்றொன்றில் கிடைக்கும்.