ஏறிப்போன அரைக்கட்டை

திருவாரூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், கோயில் கைங்கரியத்திலிருந்து ஓய்வுபெற்ற நாகஸ்வர வித்வான் ஒருவர் இருக்கிறார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மூச்சு பிடிக்க முடியாததால் வாசிப்பதில்லை, கேட்பதோடு சரி. ஒரு பொங்கல் விடுமுறையில் அவருக்காக ‘தில்லானா மோகனாம்பாள்’ டிவிடி ஒன்றை வாங்கிக்கொண்டு போனேன். உறையில் சிவாஜியும் பத்மினியும் புதுச்சாயம் பூசினமாதிரி பளபளவென்று இருந்தார்கள். ‘5.1 ஒலி’ என்று தங்க எழுத்தில் வேறு போட்டிருந்தது.

படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பெரியவர் எழுந்துபோய் மின்சாரச் சுருதிப்பெட்டியை எடுத்துவந்தார். இரண்டு கட்டைக்கு வைத்தார், ஒட்டவில்லை. இரண்டரைக்கு ஏற்றினார், அதுவும் ஒட்டவில்லை.

“என்ன தம்பி இது, எந்தக் கட்டையிலயும் நிக்க மாட்டேங்குது. நடுவாந்தரத்துல தொங்குது.”

“பழைய படம் இல்லீங்களா, அப்படித்தான் இருக்கும்.”

“பழசுன்னா தேயும், கரகரங்கும். சுருதி எப்படித் தம்பி ஏறும்?”

பதில் தெரியாமல் ஊர் திரும்பினேன். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

பழைய தமிழ்ப் படங்கள் விசிடியாகவும் டிவிடியாகவும் வந்தபோதும், பிறகு ‘டிஜிட்டல் மெருகேற்றம்’ என்ற பெயரில் திரும்பத் திரைக்கு வந்தபோதும், நாம் எழுதிய விமர்சனங்கள் எல்லாமே கண்ணால் எழுதியவை. கீறல் போயிற்றா, வண்ணம் வந்ததா, சிவாஜியின் கன்னம் துடிப்பது தெரிகிறதா என்று பார்த்தோம். 2012 மார்ச்சில் ‘கர்ணன்’ மறுவெளியீடாகி ஓட்டம் ஓடியபோது நானும் அப்படித்தான் பார்த்துவிட்டு வந்தேன். காதால் யாரும் விமர்சனம் எழுதவில்லை. ஆனால் ‘தில்லானா மோகனாம்பாள்’ காதால் மட்டுமே விமர்சிக்கப்பட வேண்டிய படம். அதன் கதையே ஒலியைப் பற்றியது. சிக்கல் சண்முகசுந்தரம் அறிமுகமாகும்போதே வாணவேடிக்கைச் சத்தம் குறுக்கே வந்ததற்காக வாசிப்பை நிறுத்திவிடுகிற ஆள். தன் வாத்தியத்தின் ஒலிக்கு மரியாதை இல்லாத இடத்தில் உட்காராதவன் அவன். அவன் படத்தையே நாம் மரியாதை இல்லாமல் குறுந்தகட்டில் அடைத்து வைத்திருக்கிறோம்.

சுருதி எப்படி ஏறியது என்பதை எனக்குச் சொன்னவன் அக்கா மகன். தஞ்சாவூரில் பொறியியல் படிக்கிறான். நாகஸ்வரத்துக்கும் அவனுக்கும் சம்பந்தமில்லை, ஜப்பானிய அனிமே பைத்தியம். “மாமா, இது எங்க ஏரியா” என்று ஆரம்பித்தான்.

சினிமாப் படம் நொடிக்கு 24 சட்டகம் ஓடுவது. நம் நாட்டுத் தொலைக்காட்சி முறையான பால், நொடிக்கு 25 சட்டகம். ஒரு சட்டகத்தை எங்கிருந்து கொண்டுவருவது? எளிய வழி ஒன்று உண்டு: படத்தையே கொஞ்சம் வேகமாக ஓட்டிவிடுவது. நூற்றுக்கு நாலு பங்கு வேகம் கூடும். கண்ணுக்குத் தெரியாது. 175 நிமிஷப் படம் 168 நிமிஷத்தில் முடிந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் ஒலியும் சேர்ந்து வேகமாக ஓடுவதால் சுருதி ஏறும். கணக்குப் போட்டால் ஏறுவது முழு அரைக்கட்டை அல்ல, அரைக்கட்டையில் ஏறத்தாழ எழுபது சதவீதம். இரண்டு கட்டையில் வாசித்தது இரண்டிலும் நிற்காது, இரண்டரையிலும் நிற்காது. பெரியவர் சொன்ன அதே ‘நடுவாந்தரம்’. எண்பது வயதுக் காது, சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்ததை எங்களுக்குக் கணக்குப் போட்டுத்தான் புரிந்துகொள்ள முடிந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அமெரிக்க முறையான என்டிஎஸ்சியில் தயாரித்த தகடுகளில் இந்தக் கோளாறு வருவதில்லை. அங்கே சட்டகங்களைத் திரும்பத் திரும்பக் காட்டிக் கணக்கை நேர் செய்கிறார்கள், வேகம் கூடுவதில்லை. ஆக, நியூஜெர்சியில் இருக்கிற தமிழருக்காகப் போட்ட தகட்டில் சண்முகசுந்தரம் சுருதி சுத்தமாக வாசிப்பான். சிக்கலுக்கும் திருவாரூருக்கும் வந்த தகட்டில் சுருதி ஏறி வாசிப்பான்.

‘நாலு சதவீதம்தானே’ என்று கேட்கலாம். பாட்டுக்கோ வசனத்துக்கோ அது நாலு சதவீதம்தான். டெல்டா நாகஸ்வரத்துக்கு அது ஒரு வரலாறு.

நாகஸ்வரத்தில் திமிரி என்பது பழைய வகை. குட்டையான குழல், உச்ச சுருதி. நாலு வீதிக்கும் கேட்க வேண்டிய வாத்தியம், மைக் இல்லாத காலம். அந்தக் கூர்மை அப்போது தேவையாக இருந்தது. திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) அதைத் தாழ்த்தினார். நீளமான பாரி நாகஸ்வரத்தை எடுத்துக்கொண்டு, சுருதியை இரண்டு, இரண்டரைக் கட்டைப் பக்கம் இறக்கி, தோடியை மணிக்கணக்கில் விரித்தார். அவருக்கு வாத்தியம் செய்து தந்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி. திருவாவடுதுறைக்கு அடுத்த ஊர்தான் நரசிங்கம்பேட்டை. ஆச்சா மரத்தைக் கடைந்து அங்கே செய்கிற நாகஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு வாத்தியக்காரரும் ஒரு ஆச்சாரியும் சேர்ந்து இந்த மண்ணின் காதையே அரைக்கட்டை அரைக்கட்டையாகக் கீழே இறக்கினார்கள். தெருவில் கேட்ட வாத்தியம் உட்கார்ந்து கேட்கிற வாத்தியமானது அந்த இறக்கத்தில்தான். அந்த இறக்கத்தில் முக்கால் படியை ஒரு படமாற்று இயந்திரம் சத்தமில்லாமல் திரும்ப ஏற்றிவிட்டது. நாகஸ்வரக்காரனைக் கதாநாயகனாக வைத்து எடுத்த படத்திலேயே.

நியாயமாக ஒன்றையும் சொல்ல வேண்டும். கொத்தமங்கலம் சுப்புவின் நாவல் தஞ்சை ஜில்லாவின் நாவல் என்றாலும், படத்தில் சிவாஜிக்கும் ஏ.வி.எம். ராஜனுக்கும் பின்னிருந்து வாசித்தவர்கள் மதுரை எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். எங்கள் பக்கத்துப் பெரிசுகள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்காட்டுவார்கள், ‘வாசிச்சது மதுரைப்பா’ என்று. சொல்லிவிட்டு, ஒரு குறையும் சொல்ல முடியாமல் தலையை ஆட்டுவார்கள். கே.வி. மகாதேவன் அந்த இரட்டை நாகஸ்வரத்தை ஒற்றைத் தடத்தில், மோனோவில், ஒன்றோடொன்று இழையும்படி பதிந்திருக்கிறார். எது அண்ணன், எது தம்பி என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜோடி நாகஸ்வரத்தின் அழகே அதுதான்.

இங்கேதான் 5.1 வருகிறது. ஒற்றைத் தடத்தை ஆறாகப் பிரிக்க வேண்டும். பிரிப்பதற்கு அதில் ஆறு விஷயம் இல்லை. என்ன செய்கிறார்கள்? தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டிப் பெரிய ஒலிபெருக்கிக்கு அனுப்புகிறார்கள். மிச்சத்தை முன்னே வைக்கிறார்கள். அதற்கே எதிரொலி கூட்டிப் பின்னால் ஓடவிடுகிறார்கள். டி.எஸ். பாலையாவின் தவிலைக் கேளுங்கள். தவிலுக்கு இரண்டு முகம். வலந்தலையில் விரல்கூடு விழுகிற ‘சொடுக்’, தொப்பியில் கம்பு விழுகிற ‘கும்’. இரண்டும் ஒரே பலா மரத்து உடம்பிலிருந்து ஒரே நேரத்தில் வரும்போதுதான் அது சொல். என்னிடம் உள்ள தகட்டில் ‘கும்’ சோபாவுக்குக் கீழேயிருந்து வருகிறது, ‘சொடுக்’ டிவிக்குள்ளிருந்து வருகிறது. ஒரு தவிலை இரண்டாக அறுத்துக் கூடத்தின் இரண்டு மூலையில் வைத்ததுபோல இருக்கிறது. நாகஸ்வரமோ கல்யாண மண்டபத்துக் கழிவறையில் வாசிப்பதுபோல முதுகுக்குப் பின்னால் எதிரொலிக்கிறது.

மூன்றாவது கோளாறுதான் மோசமானது, காரணம் அது நல்ல எண்ணத்தோடு செய்யப்படுவது. அந்தக் காலப் படத்தில் ஒலி, படச்சுருளின் ஓரத்தில் ஒளித்தடமாக அச்சாகியிருக்கும். ஒளியை ஊடுருவவிட்டுப் படிப்பது. பிரதி தேயத் தேய ‘உஸ்ஸ்’ என்ற இரைச்சல் ஏறும். அதற்காகத் தியேட்டர்களில் உச்ச அதிர்வுகளைக் கொஞ்சம் மழுக்கி ஒலிக்கச்செய்வது உலகம் முழுக்க வழக்கம். அது தெரிந்து, ஒலிப்பதிவாளர்கள் முன்கூட்டியே உச்சத்தைச் சற்று தூக்கலாக வைப்பார்கள். திரைக்குப் பின்னால் இருந்த கொம்பு ஒலிபெருக்கியில் எல்லாம் சமமாகிவிடும். சமையலில் ஊறும்போது உப்பு இறங்கும் என்று முன்கூட்டியே கூட்டிப் போடுவதில்லையா, அந்தமாதிரி. இன்று அந்தத் தடத்தை அப்படியே எடுத்துத் தகட்டில் போட்டால் சுள்ளென்று காதைக் குத்தும். குத்துகிறதே என்று இரைச்சல் நீக்கும் மென்பொருளைப் போடுகிறார்கள். மென்பொருளுக்கு ‘உஸ்ஸ்’ தெரியும், சீவாளி தெரியாது.

காவிரிப் படுகையில் விளைகிற நாணல் தட்டையைப் பக்குவம் செய்து உருவாக்குகிற அந்தச் சின்னப் பொருள்தான் நாகஸ்வரத்தின் நாக்கு. உதட்டுக்கும் அதற்கும் நடுவே காற்று உரசுகிற ஒரு சின்ன ஓசை உண்டு. ஸ்வரம் பிறப்பதற்கு ஒரு நொடிக்கு முன்னால் வருவது. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குத் தெரியும், வாசிப்பவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்கு அதுதான் அடையாளம். அது இருப்பதும் இரைச்சல் இருக்கிற அதே உச்சப் பகுதியில்தான். மென்பொருள் இரண்டையும் சேர்த்துத் துடைத்துவிடுகிறது. மிஞ்சுவது ஆர்மோனியம்மாதிரி வழவழவென்று ஓர் ஒலி.

அக்கா மகன் சொன்ன ஜப்பான் கதையை இங்கே சொல்ல வேண்டும். ‘டிராகன் பால் இசட்’ என்ற தொடர் அங்கே 1989 முதல் 1996 வரை தொலைக்காட்சியில் வந்தது. பின்னாளில் விலையுயர்ந்த டிவிடி பெட்டியாக வெளியிட்டபோது படம் அருமை, ஒலி மட்டும் தலையணைக்கு அடியிலிருந்து வருவதுபோல. படச்சுருளின் ஒளித்தடத்திலிருந்து எடுத்த ஒலி அது. ரசிகர்கள் விடவில்லை. ஒளிபரப்பானபோது வீட்டில் விஎச்எஸ் நாடாவில் பதிந்து வைத்தவர்களைத் தேடிப்பிடித்து, அந்த நாடாவின் ஒலி விற்பனைத் தகட்டைவிடத் தெளிவாக இருப்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். “கார்ட்டூனுக்கே இவ்வளவு பண்றோம் மாமா, நீங்க நாகஸ்வரத்துக்கு என்ன பண்ணுனீங்க?” என்றான். வலித்தது.

நம் பக்கத்தில் அப்படி ஒரு வீட்டு நாடா காப்பாற்றுமா? அங்கேயும் ஒரு முடிச்சு. தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாம் பார்த்த படங்களும் அதே பால் முறையில், அதே 25 சட்டகத்தில் ஓடியவைதான். ஊராட்சி டிவி முன்னால் மண்ணில் உட்கார்ந்து நான் முதன்முதலாகக் கேட்ட மோகனாம்பாளும் சுருதி ஏறியவள்தான். டூரிங் டாக்கீஸில் கேட்ட என் அப்பாவின் நினைவும் டிவியில் கேட்ட என் நினைவும் ஒரே சுருதியில் இல்லை. ‘அந்தக் காலத்து ஒலி’ என்று நான் ஏங்குவதே ஒரு கோளாறுக்காகத்தான் என்றால், எதை மீட்டுத்தரச் சொல்லிக் கேட்பது? கொஞ்ச நாள் இந்தக் கேள்வி என்னை எழுதவிடவில்லை.

பிறகு தோன்றியது: நினைவுக்காகக் கேட்கவில்லை, வாசித்தவர்களுக்காகக் கேட்கிறேன். அவர்கள் ஒரு சுருதியில் வாசித்தார்கள், அதற்குச் சாட்சி படச்சுருள். கோயிலில் தினப்படி நாகஸ்வரம் குறைந்து, மின்சார மேளம் மணியடிக்கிற காலம் இது. இனி வருகிற பிள்ளைகளில் பலர் நாகஸ்வரத்தை முதலில் கேட்கப்போவது இந்தப் படத்தில்தான். கற்றுக்கொள்கிற பையன் கூடவே வாசித்துப் பார்ப்பதும் இதனோடுதான். கூட வாசிக்க முடியாத சுருதியில், நாக்கு அறுந்த வாத்தியத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டு, ‘பாரம்பரியம்’ என்று உறையில் அச்சிடுவது எந்த நியாயம்?

கேட்பது பெரிதல்ல. 5.1 போடுங்கள், வேண்டுகிறவர்கள் கேட்கட்டும். ஆனால் பழைய மோனோவையும் கூடவே ஒரு தடமாக வையுங்கள். எந்தப் பிரதியிலிருந்து எடுத்தது, என்ன வேகத்தில் எடுத்தது என்று உறையில் ஒரு வரி எழுதுங்கள். துடைப்பதற்கு முன்னால் துடைக்காத பிரதியைப் பத்திரப்படுத்துங்கள். வெளியிடுவதற்கு முன் ஒரே ஒரு தடவை, சுருதிப்பெட்டியோடு ஒரு வித்வானை உட்கார வைத்துக் கேளுங்கள்.

சென்ற மாதம் மறுபடியும் பெரியவர் வீட்டுக்குப் போனேன். அக்கா மகன் அந்தத் தகட்டின் ஒலியைக் கணினியில் நாலு சதவீதம் மெதுவாக்கிக் கொடுத்திருந்தான். போட்டுக்காட்டினோம். சுருதிப்பெட்டியை இரண்டில் வைத்தார், ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட்டார். பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

“சுருதி வந்துட்டுது தம்பி. நல்லா இருக்கு. அந்தக் காத்துச் சத்தம் மட்டும் இல்ல. அதைக் கொண்டுவர முடியாதா?”

வேகத்தைக் குறைக்கலாம், துடைத்ததைத் திரும்ப எழுத முடியாது என்று பையன் விளக்கப்பார்த்தான். பெரியவர் உள்ளே போனார். பழைய சீவாளி ஒன்றை எடுத்துவந்து, தண்ணீரில் நனைத்து, குழலில் பொருத்தாமல் வெறுமனே உதட்டில் வைத்து மெல்ல ஊதினார். ஸ்வரம் வரவில்லை, காற்றுதான் வந்தது.

“இதைத்தான் கேட்டேன்” என்றார்.

பையன் போனை எடுத்து அதைப் பதிந்துகொண்டான்.