இலவச உருமாற்றம்

அரசுப் பணித் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் ஒருவர், தம் ஐபோனில் எடுத்த புகைப்படத்தைப் பதிவேற்றப் புகுந்து, அது ஜேபெக் கோப்பாகவும் குறித்த கிலோபைட் அளவுக்கு உட்பட்டும் இராமையால் மறுக்கப்பட்டு, கடைசித் தேதியின் மாலையில் கையைப் பிசைந்து நிற்கும்போது, பணமோ பயிற்சியோ கேளாமல் சிறிது நேரத்தில் படத்தின் வடிவத்தை மாற்றித் தரும் இணையதளம் அவருக்குப் பேருபகாரமாகத் தோன்றுவது இயல்பே. அந்த உபகாரத்தைச் சிறிதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஏனெனில், கோப்பு வடிவங்கள் இவ்வாறு பெருகியதில் சாமான்யருக்குப் பங்கொன்றும் இல்லை. 1987இல் பிறந்த ஜிஃப் வடிவத்தின் சுருக்கமுறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமைக் கட்டணம் கோரியதால் மூண்ட பூசலிலிருந்து 1996இல் பிஎன்ஜி எழுந்தது. இணையப் பக்கங்கள் விரைந்து திறக்க வேண்டுமென்று கூகுள் 2010இல் வெப்பியை அறிவித்தது. ஜேபெக் கொள்ளும் இடத்தில் ஏறத்தாழப் பாதியே போதுமென்று ஆப்பிள் 2017இல் ஹெச்இஐசியைக் கைக்கொண்டது. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஆனால் ஒன்றை மற்றொன்றாக்கும் சிரமம் மட்டும் பயன்படுத்துவோர் தலையில் விழுந்தது. அச்சிரமத்தை இறக்கி வைத்த பெருமை இத்தளங்களுக்கு உரியது.

ஆயினும், மாற்றத்தின்போது படத்துக்கு நேர்வது யாதென்பதைப் பல தளங்கள் எடுத்துரைப்பதில்லை. 1992இல் தரநிலையாக வகுக்கப்பட்ட ஜேபெக், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பகுத்து, நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய மூவரும் 1974இல் வெளியிட்ட கணித முறையின் துணைகொண்டு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுட்பங்களைப் பிரித்தறிந்து குறைக்கிறது. முகத்திலும் வானத்திலும் இந்த நஷ்டம் பெரும்பாலும் தெரிவதில்லை; சான்றிதழின் பிரதியிலோ, அது எழுத்துகளின் ஓரங்களில் அழுக்குப்போல் படிந்து, மறுபடியும் மறுபடியும் சுருக்குந்தோறும் மிகுகிறது. அத்தகைய பிரதியைப் பிஎன்ஜியாக்கினால் தெளிவு திரும்பிவிடுமென்று நம்புவோர் உண்டு. போன நுட்பம் போனதே, பெரும்பாலும் கோப்பின் பருமன்தான் கூடும்.

மூலப்படத்தைப் பத்திரப்படுத்தியவருக்கு இக்குறை பொறுக்கத்தக்கதே. என் உள்ளத்தை வருத்துவது வேறொன்று. படத்தோடு, அது எடுக்கப்பட்ட தேதியும், கருவியின் பெயரும், இடங்காட்டும் வசதி இயங்கிக்கொண்டிருந்தால் வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகையுங்கூடப் பதிவாகின்றன. அவையனைத்தையும், குழந்தையின் முகத்தையும் ஆதார் அட்டையின் நகலையும், உரிமையாளர் யாரென்றே அறியாத ஒரு கணினிக்கு நாம் சிறிதும் தயங்காமல் அனுப்பிவிடுகிறோம். சில மணி நேரத்தில் அழித்துவிடுவோம் என்னும் வாக்குறுதியைச் சோதித்தறிய அனுப்பியவருக்கு மார்க்கமில்லை. கோப்பு மாற்றித் தருவதாகச் சொல்லித் தீய மென்பொருளைப் புகுத்தியும் அந்தரங்கத் தகவல்களைக் களவாடியும் வரும் தளங்களைக் குறித்து, அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்பிஐயின் டென்வர் அலுவலகம் 2025 மார்ச்சில் பகிரங்கமாக எச்சரித்தது.

இத்தனை அபாயமும் அவசியமற்றது என்பதே என் முறையீடு. 2018இல் கூகுள் வெளியிட்ட ஸ்கூஷ் என்னும் தளம், படத்தை வெளியே அனுப்பாமல் உலாவிக்குள்ளேயே மாற்றிக் காட்டியது. பக்கம் திறந்தபின் இணையத்தைத் துண்டித்தாலும் ஒரு தளம் படத்தை மாற்றித் தருமாயின், அம்மாற்றம் நம் கருவியிலேயே நிகழ்கிறதென்று அறியலாம். ஐபோனின் கேமரா அமைப்பிலேயே ஜேபெக்கைத் தேர்ந்துகொள்ளும் வழியும் உண்டு. இவற்றைக் கற்பது கடினமன்று. ஆயினும் கடைசித் தேதியின் பரபரப்பில் இருப்பவர்மீது இப்பாரத்தையும் ஏற்றுவது தர்மமாகாது. விண்ணப்பங்களைப் பெறும் அலுவலகங்கள், ஹெச்இஐசியோ வெப்பியோ எவ்வடிவில் வரினும் படத்தை ஏற்று, வேண்டிய வடிவத்துக்கும் அளவுக்கும் தம் கணினியிலேயே மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்துவிடுமாயின், விண்ணப்பதாரர் தம் முகத்தையும் கையொப்பத்தையும் முன்பின் அறியாத மூன்றாமவரிடம் ஒப்படைக்க நேராது.