முகமும் விலங்கும்: சரசுவதி மகாலின் செதுக்குப் படங்கள்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக் கூடத்துக்குள் நுழைவோர், ஓரிடத்தில் திகைத்து நிற்பர். ஆந்தைக்கு அருகே ஆந்தை விழியுடன் ஒரு மனிதன். எருதுக்கு அருகே எருதின் நெற்றியுடன் ஒருவன். ஒட்டகத்துக்கு அருகே ஒட்டகத்தின் உதட்டுடன் இன்னொருவன். பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரசவை ஓவியரான சார்லஸ் லெ பிரன் (1619–1690) வரைந்தவற்றைத் தழுவிச் செதுக்கி அச்சிட்ட படங்கள் இவை. இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) திரட்டிய மேனாட்டுச் செல்வங்களுள் இவையும் அடங்கும்.

முகத்தின் அமைப்பு அகத்தின் இயல்பை உணர்த்தும் என்பது லெ பிரனின் கருத்து. 1671-இல் பாரிஸ் ஓவியக் கழகத்தில் இதைப் பற்றி அவர் உரையாற்றினார். தலைகளின்மீது கோடுகளும் முக்கோணங்களும் இட்டு அளந்தார். இத்துறை நமக்குப் புதிதன்று. இந்நாட்டார் இதைச் சாமுத்திரிகா இலட்சணம் என்றனர். அரபியர் ஃபிராஸத் என்றனர். ஹிஜ்ரி 606-இல் மறைந்த இமாம் ஃபக்ருத்தீன் ராஸீ இதற்கெனத் தனி நூலே இயற்றியுள்ளார்.

ஓவியம் என்ற வகையில் இப்படங்கள் உயர்ந்தவை. விலங்கை இகழும் கேலி இவற்றில் இல்லை. ஆட்டின் உரோமமும் மனிதனின் தாடியும் ஒரே பரிவுடன் தீட்டப்பட்டுள்ளன.

ஆயினும் ஒரு வினா எழுகிறது. மேனாட்டு முகநூல் மரபில் எருது மந்தத்தின் குறி. தலைமுறை தலைமுறையாகக் காவிரிச் சேற்றை உழுத எருதை நம் உழவர் அவ்வாறு எண்ணியதுண்டா? கிரேக்கருக்கு ஆந்தை அறிவின் பறவை. நம் ஊர்களில் அதன் அலறல் தீய சகுனம். ஒட்டகத்தையோ, அது எவ்வாறு படைக்கப்பட்டது எனச் சிந்தித்துப் பார்க்கும்படி திருமறை பணிக்கிறது. விலங்கின் பொருளே நாட்டுக்கு நாடு மாறுமெனில், அதைக் கொண்டு மனிதனின் குணத்தை எப்படி அளப்பது? குறியீடு விலங்கிடம் இல்லை. பார்ப்பவன் கண்ணில் இருக்கிறது.

இது பழங்கதை அன்று. பெண் பார்க்கச் சென்ற வீட்டிலும், வேலை கேட்டு வந்தவன் முன்னும் நாம் இன்றும் முகத்தைக் கொண்டே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

அதே நூலகத்தில் சரபோஜி காலத்துக் கண் நோயாளரின் மருத்துவக் குறிப்புகளும், அவர்தம் கண்களைத் தீட்டிய வண்ணப் படங்களும் உள்ளன. அவற்றை வரைந்தவர் குணத்தைத் தேடவில்லை; நோயைத் தேடினார். ஒரே கூரையின் கீழ் இரண்டு பார்வைகள்: ஒன்று முகத்தை எடைபோடுகிறது, மற்றது அதற்கு மருந்திட விழைகிறது. முன்னதை வியப்போம், பின்னதைப் பின்பற்றுவோம்.