நகரத்து இரவும் உழைப்போர் களிப்பும்: பம்பாய் அரங்கினை முன்வைத்துச் சில குறிப்புகள்

இந்தியப் பெருநகரங்களின் இரவு வாழ்க்கை பற்றித் தமிழிலே எழுதுவோரை இரு சாராராக வகுத்து நோக்கலாம். பயணக்கட்டுரை எழுதுவோர் ஒரு சாரார். எங்கே உண்பது, எங்கே நாடகம் பார்ப்பது, எந்தக் கடற்கரையிலே நள்ளிரவுவரை உலாவுவது என்பனவற்றை அவர்கள் சுவைபடக் கூறுவர். மற்றைய சாரார் முற்போக்கு விமர்சகர். அவர்களுக்கு இரவுக் களியாட்டம் என்பது முதலாளித்துவச் சீரழிவின் மறுபெயர். அதனைக் கண்டித்துவிட்டு அப்பாற் செல்வதே அவர்தம் வழக்கம். முதற் சாராரைப் பற்றி இங்கு அதிகம் கூறவேண்டியதில்லை. இரண்டாம் சாரார் நம்மவர்; ஆதலால் அவர்களோடுதான் நமது வழக்கு. களிப்பு உடைமை வர்க்கத்துக்கே உரியது என்ற எண்ணத்தில் இரு சாராரும் தம்மையறியாமலே ஒன்றுபடுகின்றனர். 1995ஆம் ஆண்டிலிருந்து மும்பை என்று வழங்கும் பம்பாய் நகரின் வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடந்தருவதாக இல்லை.

இவ்விடத்திலே பிறெக்ற்றின் கருத்தொன்று பெரும்பாலும் பிழையாகவே எடுத்தாளப்பட்டு வருவதைச் சுட்டவேண்டும். ‘மஹகொனி’ இசைநாடகம் பற்றி 1930இல் எழுதிய குறிப்புகளிலே, நல்ல உணவைச் சுவைப்பதுபோலப் பார்வையாளர் நுகர்ந்துவிட்டு எழுந்து செல்லும் கலையைச் ‘சமையல்’ சார்ந்தது என்று அவர் சாடினார். இதனை வைத்துக்கொண்டு, அரங்கிலே இன்பமே கூடாது என்று பிறெக்ற் கூறியதாக நம்மிற் பலர் கொண்டனர். ஆயின் பின்னாளில் அரங்கு பற்றி எழுதிய ‘சிறு நெறிநூலில்’, மகிழ்வூட்டுவதே அரங்கின் தொழில் என்பதை அவர் ஐயத்துக்கிடமின்றி வற்புறுத்தினார். இன்பத்தை அவர் மறுக்கவில்லை. அதனை ஆக்குவோருக்கும் நுகர்வோருக்கும் இடையிலான உறவு மறைக்கப்படுவதே அவருக்குப் பிரச்சினையாக இருந்தது. பம்பாயின் அரங்கினையும் அடுப்பினையும் சேர்த்து நோக்குவதற்கு இதுவே தக்க தொடக்கம் எனலாம்.

பம்பாயின் முதலாவது பருத்தி ஆலை 1856இல் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் நகரின் நடுவே லால்பாக், பரேல், பைகுல்லா, வொர்லி ஆகிய பகுதிகளிலே ஆலைகள் பெருகி, அப்பிரதேசம் முழுவதும் ‘கிரண்காவ்’, அதாவது ஆலைக் கிராமம், என்று பெயர்பெற்றது. ரத்னகிரி, சாத்தாரா முதலிய மாவட்டங்களிலிருந்து ஆண்கள் தனியராக வந்தனர். ‘சாள்’ எனப்படும் குடியிருப்புகளில் ஓரறையைப் பலர் பங்கிட்டுக்கொண்டனர். இரவு முறை வேலைக்குச் சென்றவன் விட்டுப்போன இடத்திலே பகல் முறை முடித்தவன் படுத்துறங்கினான். இத்தகைய வாழ்வுக்கு உணவளித்தவை ‘கானாவள்’ எனப்படும் சாப்பாட்டு வீடுகள். மாதக் கணக்கிற் பணம் பெற்று, தம் சிற்றறைகளிலேயே சமைத்து, தொழிலாளருக்கு இருவேளை உணவிட்டவர்கள் பெரும்பாலும் தொழிலாளர் குடும்பப் பெண்களே.

உழைப்புச் சக்தியின் மறு உற்பத்தி என்று மார்க்சிய அரசியற் பொருளாதாரம் குறிப்பிடுவது நூல்களிலே சற்று அருவமான ஒரு கருத்தாகவே நமக்கு அறிமுகமாகின்றது. கானாவளில் அதற்குப் புகையும் வியர்வையும் உண்டு. ஆலைச் சங்கு ஊதுமுன் அடுப்புப் பற்றவைக்கப்படவேண்டும். சங்கு மும்முறை ஊதினால் அடுப்பும் மும்முறை எரியவேண்டும். வேலைநிறுத்தக் காலங்களில் கடனுக்குச் சோறிட்டவர்கள் இப்பெண்களே. பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்த பிரேமா புராவ் 1975இல் இவர்களை ‘அன்னபூர்ணா மகிளா மண்டல்’ என்ற அமைப்பாகத் திரட்டி, தேசியமயமாக்கப்பட்ட வங்கிகளிலிருந்து கடன் பெற வழிசெய்தார். வட்டிக்காரர் பிடியிலிருந்து அடுப்பை விடுவித்த செயல் அது. ஆலைத் தொழிலாளரை நாயகராகக் கண்ட கலை இலக்கியம் கானாவள் நடத்தியவளை ஏன் இவ்வளவு குறைவாகக் கண்டது என்ற வினாவை முற்போக்கு விமர்சனம் இன்னும் போதியளவு எழுப்பவில்லை.

இவ்வாறு உண்டவர்கள் இரவிலே சும்மா இருக்கவில்லை. பஜனைக் குழுக்கள், கொங்கணத்துத் தசாவதார ஆட்டம், தமாஷா என யாவும் அவர்களோடு நகருக்கு வந்தன. சமூக சேவைச் சங்கம் 1922இல் பரேலில் திறந்த தாமோதர் அரங்கு, தொழிலாளர் தாமே நடித்துத் தாமே பார்த்த நாடகங்களுக்குக் களமாயிற்று. தென் பம்பாயின் மேட்டுக்குடியினர் தாஜ் ஹோட்டலிலே 1930களில் ஜாஸ் இசைக்கு ஆடிக்கொண்டிருந்த அதே இரவுகளில், சில மைல்களுக்கு அப்பால் இன்னோர் இரவு இருந்தது. நகரின் இரவு வாழ்க்கை பற்றிய நூல்கள் முதலாவதை மட்டுமே அப்பெயரால் அழைப்பதுண்டு. (தாஜில் வாசித்தவர்களிலே கோவாவிலிருந்து வந்த கூலி இசைஞர் பலர் என்பதும், அவர்களே பின்னர் இந்தித் திரைப்படங்களின் வாத்தியக் குழுக்களை நிரப்பினர் என்பதும் தனியே ஆராயப்படவேண்டியவை.)

இவ்விரண்டாம் இரவின் மிகப்பெரிய கலைஞர் அண்ணாபாவு சாதே (1920-1969). மாங் என்ற ஒடுக்கப்பட்ட சாதியிற் பிறந்து, ஆலையில் வேலை செய்தவர். அகில இந்திய மக்கள் நாடக மன்றம் பம்பாயிலே தோன்றியதற்கு அடுத்த ஆண்டாகிய 1944இல், அமர் ஷேக், கவாண்கர் ஆகியோருடன் ‘லால் பாவ்டா கலாபதக்’ என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அவர் அமைத்தார். தமாஷாவின் மரபான அமைப்பிலே முதலில் கணபதி வணக்கமாகிய ‘கண்’ வரும்; அடுத்து, சந்தைக்குச் செல்லும் ஆயர்மகளிரைக் கண்ணன் மறிக்கும் ‘கவ்ளண்’; அதன் பின்னரே கதையாகிய ‘வக்’. அண்ணாபாவு கணபதியின் இடத்திலே தாய்மண்ணையும் உழைப்போரையும் வைத்தார். கவ்ளண் பகுதியை நீக்கினார். 1940களின் பிற்பகுதியில் பம்பாய் மாகாண அரசு ஆபாசம் என்று கூறித் தமாஷாவுக்குத் தடை விதித்தபோது, அதே வடிவம் ‘லோகநாட்டியம்’ என்ற புதுப்பெயரோடு மேடையேறிற்று. அவருடைய ‘மும்பையின் லாவணி’ மலபார் குன்றின் மாளிகைகளையும் சேரியின் இருளையும் ஒரே பாடலில் எதிரெதிரே நிறுத்துவது. நகரத்து இரவை இரண்டாகப் பிளந்து காட்டிய முதல் விமர்சகர் அவரே என்றாலும் தகும்.

எனினும் ஒன்றைக் கூறாமல் விடுதல் முறையன்று. கவ்ளணை நீக்கியமை அரசியல் நோக்கிலே விளங்கிக்கொள்ளத்தக்கது. நிலவுடைமைக் காலத்து ஆண் நோக்கு அப்பகுதியில் மிகுந்திருந்தது உண்மை. ஆனால் தமாஷாவில் ஆடிப்பாடிய பெண்களுக்கு உரிய இடமும் அதுதான். கொல்ஹாட்டி முதலிய சாதிகளைச் சேர்ந்த அப்பெண்களுக்கு மேடை பிழைப்பாகவும் இருந்தது, இழிவாகவும் இருந்தது. இழிவைக் களைய முற்பட்டவேளை அவர்களையே களைந்துவிடும் ஆபத்தைச் செங்கொடிக் குழு போதிய அளவு சிந்தித்ததாக எனக்குத் தோன்றவில்லை. அரசின் தடையும் முற்போக்காளரின் தூய்மையாக்கமும் வெவ்வேறு நோக்கங்களிலிருந்து பிறந்தவை. ஆடியவளின் பக்கத்திலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே கதவை மூடின.

இது பழங்கதையன்று. 2005இல் மகாராஷ்டிர சட்டமன்றம் ‘டான்ஸ் பார்’ எனப்படும் நடன மதுச்சாலைகளில் ஆடுவதைத் தடைசெய்யும் சட்டத்தை ஒருமனதாக நிறைவேற்றியது. வலது, இடது என்ற பேதம் அன்று காணப்படவில்லை. ஏறத்தாழ 75,000 பெண்கள் தொழிலிழந்தனர் என்பது பின்னர் நீதிமன்றங்களிலே பேசப்பட்ட கணக்கு. அவர்களிற் கணிசமானோர் ஆடல் பாடலையே பரம்பரைத் தொழிலாகக் கொண்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். அச்சட்டத்தின் மற்றொரு பிரிவே நம் கவனத்துக்குரியது. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேற்பட்டனவுமான ஹோட்டல்களுக்கும் மேட்டுக்குடிக் கழகங்களுக்கும் அது விலக்களித்தது. நிலவிளக்கொளியில் ஆடினால் ஆபாசம், நட்சத்திர ஒளியில் ஆடினால் பண்பாடு! பம்பாய் உயர்நீதிமன்றம் 2006இல் இப்பாகுபாட்டைக் காரணமாகக் காட்டித் தடையை நீக்கியது. உச்ச நீதிமன்றம் 2013இல் அத்தீர்ப்பை உறுதிசெய்தது. அரசு 2014இலும் 2016இலும் புதிய சட்டங்களை இயற்ற, 2019 ஜனவரியில் அவற்றின் பல நிபந்தனைகளும் தளர்த்தப்பட்டன. இந்நெடிய வழக்கின்போது நம் முற்போக்குச் சஞ்சிகைகள் ஏறக்குறைய மௌனம் சாதித்தன. ஆடுபவளைத் தொழிலாளியாகக் காண்பதற்கு நமது கருத்துநிலையிலே எங்கோ ஒரு தடை இருக்கின்றது.

கிரண்காவ் எவ்வாறு அழிந்தது என்பது ஓரளவு அறியப்பட்டதே. பொதுவுடைமைக் கட்சியின் செல்வாக்கைத் தகர்ப்பதற்கு, 1966இலே தோன்றிய சிவசேனை பெரிதும் பயன்பட்டது. தென்னிந்தியருக்கு எதிரான அதன் தொடக்ககால வன்முறையில் உடுப்பி உணவகங்கள் தாக்கப்பட்டமை, உணவும் அரசியலாகும் என்பதற்குச் சான்று; மாட்டுங்கா, தாராவித் தமிழர் அதனை நேரிலே அனுபவித்தவர்கள். பரேலின் பொதுவுடைமைச் சட்டமன்ற உறுப்பினர் கிருஷ்ணா தேசாய் 1970 ஜூனிற் கொலையுண்டார். 1982 ஜனவரி 18ஆம் திகதி தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை இலட்சம் தொழிலாளர் தொடங்கிய வேலைநிறுத்தம் முறைப்படி முடிவுறாமலே கரைந்துபோயிற்று.

பின்பு நிலத்தின் கதை தொடங்குகின்றது. 1991இன் ஒழுங்குவிதி, ஆலை நிலத்திலே மூன்றிலொரு பங்கு பொது வெளிக்கும், மூன்றிலொரு பங்கு பொது வீடமைப்புக்கும் உரியது என்றது. 2001இன் திருத்தம், கட்டடமற்ற வெற்று நிலத்துக்கே இப்பங்கீடு பொருந்தும் என்று சுருக்கியது. 2006இல் உச்ச நீதிமன்றம் அதனை ஏற்றுக்கொண்டது. பஞ்சு பறந்த கூடங்களிலே மதுச்சாலைகளும் உணவகங்களும் பந்துருட்டு அரங்குகளும் பல்திரைக் கொட்டகைகளும் குடியேறின. புகைபோக்கி மட்டும் அழகுக்காக விட்டுவைக்கப்பட்டது. கமலா ஆலை வளாகத்தில் கூரைமேல் அமைந்த உணவகத்திலே 2017 டிசெம்பர் 29ஆம் திகதி நள்ளிரவு கழிந்தவுடன் மூண்ட தீயில் 14 பேர் மாண்டனர். 2020 ஜனவரியில், அங்காடித் தொகுதிகளும் ஆலை வளாகங்களும் இருபத்துநான்கு மணிநேரமும் திறந்திருக்கலாம் என்று மாநில அரசு அனுமதியளித்தது. மூன்றாம் முறை வேலை இவ்வாறு அதே நிலத்துக்கு மீண்டு வந்தது. சமையலாளரும் பரிமாறுவோரும் கோப்பை கழுவுவோரும் இன்றைய இரவு முறைத் தொழிலாளர். நகரின் புகையிரதமோ சுமார் ஒரு மணிக்கு ஓய்ந்து நான்கு மணிக்கே மீளத் தொடங்கும். இடைப்பட்ட மூன்று மணிநேரத்தை அவர்கள் எங்கே கழிக்கின்றனர் என்பதை எந்த வழிகாட்டி நூலும் கூறுவதில்லை.

இவ்வீழ்ச்சியை அரங்கு எவ்வாறு எதிர்கொண்டது? இரு நாடகங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஜயந்த் பவாரின் ‘அதாந்தர்’ (1997) மராத்தியிலே தொழில்முறை மேடைக்கு வந்தது. தலைப்பு அந்தரத்திலே தொங்கும் நிலையைக் குறிப்பது. மறைந்துபோன ஆலைத் தொழிலாளியின் மனைவியும் பிள்ளைகளும் ஒற்றை அறையிலே ஒருவரை ஒருவர் கடித்துக்கொண்டு வாழ்கின்றனர். எழுத்தாளனாகும் கனவில் ஒருவன், கிரிக்கெற் மயக்கத்தில் ஒருவன், குண்டர் குழுவில் ஒருவன். ஆலை மேடைக்கு வருவதேயில்லை. வர்க்கத்தின் தோல்வி குடும்பத்தின் ஏச்சுப் பேச்சாக உருமாறுவதை இயற்பண்புவாத முறையிலே காட்டுவதில் பவார் பெற்ற வெற்றி பெரிது. அண்ணாபாவின் மேடையிலே வெளியை நோக்கிப் பாடிய தொழிலாளி இங்கே அறைக்குள் அடைபட்டுக் கிடக்கிறான். இச்சுருக்கத்தை நாடகத்தின் குறையாகக் கொள்ளலாகாது. வரலாறு அவ்வாறுதான் சுருங்கியிருந்தது.

ராமு ராமநாதன் எழுதி, சுனில் ஷான்பாக் நெறிப்படுத்திய ‘கொட்டன் 56, பொலியெஸ்ரர் 84’ (2006) வேறு வகையானது. முன்னாள் ஆலைத் தொழிலாளரின் உரையாடல், பாட்டு, நினைவு ஆகியவற்றாற் கட்டப்பட்டது. நீரா ஆடார்க்கரும் மீனா மேனனும் தொழிலாளரின் வாய்மொழிகளைத் திரட்டி 2004இல் வெளியிட்ட நூலுக்குப் பிற்பட்ட சூழலில் வைத்து இதனை நோக்கவேண்டும். செங்கொடிக் குழுவின் பாடல் மரபை மீட்டெடுத்து, எள்ளலைக் கைவிடாமல் துயரைச் சொன்னமை இதன் சிறப்பு. ஆயின் அதன் பார்வையாளரையும் கருதவேண்டும். 1978இலே ஜூஹுவில் திறக்கப்பட்ட பிரித்வி போன்ற சிற்றரங்குகளுக்கு வருவோரே இத்தகைய நாடகத்தின் இயல்பான பார்வையாளர். தேநீரருந்தி, நாடகம் பார்த்து, பின் இரவுணவுக்குச் செல்வோர். அவர்களிற் சிலரேனும் உண்ணச் செல்வது நாடகத்திலே புலம்பப்பட்ட அதே ஆலைக் கூடத்துக்குத்தான். ஆசிரியரின் நேர்மையை இதனால் ஐயுறவேண்டியதில்லை. ஆனால் பிறெக்ற் ‘சமையல்’ என்று சொன்னது இதைத்தான்: நெஞ்சை உருக்கும் நினைவு, இரவுணவுக்கு முந்திய ஒரு பதார்த்தமாகிவிடுகின்றது. இப்பொறியை அந்நாடகம் அறிந்திருந்தும் உடைக்கவில்லை என்பதே என் துணிபு.

தாமோதர் அரங்கு மீள்கட்டுமானத்துக்கென 2023 நவம்பரில் மூடப்பட்டது. நாடகக்காரர் எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆசனங்கள் குறைக்கப்படுமா, வாடகை எவ்வளவாகும் என்பன பற்றியே பேச்சு நடந்தது. கொங்கணத்திலிருந்து வந்த தசாவதாரக் குழு விடியும்வரை ஆடியதும், முறை வேலை முடித்து வந்தவர்கள் பாதி ஆட்டத்திற் புகுந்து தரையிலே அமர்ந்ததும் அப்பேச்சிலே இடம்பெறவில்லை. அரங்கைச் சூழ இருந்த கானாவள்களிற் பெரும்பாலானவை அதற்கு நெடுங்காலம் முன்னரே அடுப்பணைந்துவிட்டன.